கிளட்ச் எல்எஸ்டி கடகடப்பு: எண்ணெயிலேயே அடங்கியது

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது பின்னாலிருந்து வந்த கடகட சத்தம் ஒருவழியாக அடங்கிவிட்டது. டிஃபரன்ஷியலை (பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) இறக்கவில்லை, அதன் உள்ளே இருக்கும் பிளேட் மாற்றவில்லை, எண்ணெய் மட்டும்தான். "பேரிங் போச்சு, பிரிச்சுத்தான் ஆகணும்" என்று அடித்துச் சொன்னவர்கள் வரிசையாக வந்து இதைப் படிக்கட்டும்.

எல்எஸ்டி என்பது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் பிடித்துக்கொள்ளும். என்னுடையது கிளட்ச் வகை, பிளேட்டுகளின் உராய்வுதான் பிடிப்பு. டார்சன் என்ற இன்னொரு வகை வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. அங்கே பற்சக்கரங்களே பிடிப்பைக் கொடுக்கின்றன, உராய்வை மாற்ற எண்ணெயில் கலக்கும் ஃப்ரிக்ஷன் மாடிஃபையருக்கு வேலையில்லை. மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறையையே பாருங்கள்: 1.6 இன்ஜினோடு கிடைத்த எல்எஸ்டி விஸ்கஸ் வகை (கெட்டியான திரவத்தால் பிடிப்பது), 1994 மாடலில் 1.8 வந்ததும் டார்சன். அதனால்தான் காரின் பெயரை மட்டும் சொல்லி "என்ன ஆயில் ஊத்தலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

டிஃபரன்ஷியலில் இருப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சுழலும் ஹைப்பாய்டு பல் என்றால் ஜிஎல்-5 தர எண்ணெய்தான், அதில் பேச்சே இல்லை. தடிமனில்தான் குழப்பிக்கொள்கிறார்கள். கியர் ஆயில் 90 என்பது இன்ஜின் ஆயில் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு அளவுகோல். 100 டிகிரியில் 90-க்கு 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அலகு), இன்ஜின் ஆயில் 40-க்கு 12.5 முதல் 16.3. கிட்டத்தட்ட பக்கத்து வீடுதான். 140-தான் நிஜமாகவே கெட்டி, 24-இல் தொடங்குகிறது. டிரெய்லர் இழுக்கவோ டிராக்கில் ஓட்டவோ போவதில்லை என்பதால் 75டபிள்யூ-90 (குளிரில் 75டபிள்யூ, சூட்டில் 90) எனக்குப் போதும்.

இனி மாடிஃபையர். சத்தத்துக்குக் காரணம், பிளேட்டுகள் நின்றிருக்கும்போது உள்ள உராய்வு வழுக்கும்போது உள்ளதைவிட அதிகமாக இருப்பது. மெதுவான திருப்பத்தில் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. மாடிஃபையர் அந்த வித்தியாசத்தைக் குறைக்கிறது. ஆனால் கூடிப்போனால் பிளேட் பிடிக்கவே பிடிக்காது, எல்எஸ்டிக்குக் கொடுத்த காசு வீண். எல்எஸ் என்று போட்ட எண்ணெயில் ஏற்கெனவே மாடிஃபையர் கலந்திருக்கும். அதன் மேல் ஒரு முழு பாட்டிலையும் கவிழ்ப்பது எனக்குப் பிடிக்காத வேலை. அளவு என் கையில் இருக்கட்டும் என்று மாடிஃபையர் கலக்காததாக, ரெட் லைன் 75டபிள்யூ90என்எஸ் வாங்கினேன்.

எண்ணெய் ஊற்றும் ஃபில் பிளக் ஓட்டை வரை நிரப்பிவிட்டால் அப்புறம் மாடிஃபையர் சேர்க்க இடமிருக்காது. எண்ணெய் மட்டத்தைக் கொஞ்சம் கீழேயே நிறுத்திவிட்டு, 118 மில்லி பாட்டிலிலிருந்து கால் பங்கு மட்டும் சிரிஞ்சில் எடுத்து விட்டேன். சூடேறும்வரை ஓட்டி, காலி மைதானத்தில் எட்டு போட்டேன், இரண்டு பக்கமும் சமமாக. எட்டு போடாமல் முடிவு சொல்லாதீர்கள், பிளேட்டுகளுக்கு நடுவில் புது எண்ணெய் போய்ச் சேர வேண்டும். சத்தம் குறைந்தது, போகவில்லை. இன்னொரு கால் பங்கு, மறுபடி எட்டு. அவ்வளவுதான், அடங்கியது.

பிடிப்பு குறையவில்லையே என்று ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, முறுக்குவிசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். சர்வீஸ் மேனுவல் சொல்லும் எல்லைக்குள்தான் இருக்கிறது.

கை பம்பைப் பற்றி ஒரு வார்த்தை: ஆன்லைனில் வாங்கியது, எண்ணெயை டிஃபரன்ஷியலுக்குக் கொடுத்ததைவிட என் முழங்கைக்குக் கொடுத்ததுதான் அதிகம். அடுத்த முறை சிரிஞ்ச் மட்டும்தான்.

கியர்பாக்ஸ் எண்ணெயும் வாங்கி வைத்தாயிற்று, அது ஜிஎல்-4. பித்தளை சின்க்ரோ (கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) இருக்கும் பெட்டியில் மிச்சமிருக்கும் ஜிஎல்-5-ஐ ஊற்ற எனக்கு மனமில்லை. அதற்கு முன்னால் இங்கேயே ஒரு பாக்கி இருக்கிறது: வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு வரும் முதல் திருப்பத்தில் மட்டும் லேசாக ஒரு 'டக்'. மாடிஃபையரில் பாதி பாட்டில் மிச்சமிருக்கிறது, ஆனாலும் இப்போதைக்கு அதைத் தொடப்போவதில்லை. கொஞ்ச தூரம் ஓடட்டும்.