பழைய மிக்ஸி, பழைய குக்கர்: பார்த்துப் பார்த்து வாங்கியது

வாரம் முழுவதற்கும் தேவையானதை ஒரே நாளில் அரைத்து, வேகவைத்து, பிரித்து எடுத்து வைக்கலாம் என்று முடிவு செய்தபோது வீட்டில் இருந்த சாமான்கள் போதவில்லை. பெரிய மிக்ஸி, பெரிய குக்கர், நம்பகமான ஒரு தராசு, டீப் ஃப்ரீசர் எல்லாம் வேண்டும். அத்தனையும் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் பழையதாகத் தேடத் தொடங்கினேன். இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் எதைப் பார்த்தேன், எதை விட்டேன் என்று விவரமாக எழுதுகிறேன்.

எந்தப் பொருளைப் பார்க்கப் போனாலும் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான். இதில் தேயக்கூடிய பாகம் எது, அது தனியாகக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால் பொருள் எவ்வளவு பழையதாக இருந்தாலும் மேலே பேசலாம். கிடைக்காது என்றால் பளபளவென்று இருந்தாலும் வேண்டாம். வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே மாடல் எண்ணை விற்பவரிடம் வாங்கி, ஜாரும் கேஸ்கெட்டும் இன்னும் விற்பனையில் இருக்கின்றனவா என்று உதிரி பாகக் கடையில் விசாரித்துவிடுவேன். அந்த மாடலைப் பாதுகாப்புக் குறைபாட்டுக்காக நிறுவனம் திரும்பப் பெற்றிருக்கிறதா என்பதையும் அதே எண்ணை வைத்துத் தேடிப் பார்க்கலாம். பாதிப் பயணம் இதிலேயே மிச்சமானது.

மிக்ஸிக்குத்தான் அதிகம் அலைய வேண்டியிருந்தது. விற்பவர்களில் பலர் காலி ஜாரைப் பொருத்தி, சுவிட்சை ஒரு முறை திருப்பி, “ஓடுதே, பார்த்தீங்களா?” என்பதோடு முடித்துக்கொள்வார்கள். காலியாக எல்லா மிக்ஸியும் ஓடும். பாரம் ஏறும்போதுதான் மோட்டாரின் உண்மை நிலை தெரியும். அதனால் ஊறவைத்த தானியத்தைக் கையோடு ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போனேன். அரைத்துப் பார்க்கலாமா என்று கேட்டதும் ஒருவர் முகம் மாறி, வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விடுங்கள் என்றார். விட்டுவிட்டேன். இன்னொரு வீட்டு அம்மா, “தாராளமா அரைச்சுப் பாருங்க” என்று தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கியது அவரிடம்தான்.

அரைக்கும்போது மூக்கும் காதும்தான் வேலை செய்ய வேண்டும். மோட்டார் சூடேறும்போது லேசான வாசனை வருவது வேறு, வார்னிஷ் கருகும் நெடி வருவது வேறு. கருகிய நெடி வந்தால் உள்ளே சுருள் கம்பியின் காப்பு எரிகிறது என்று பொருள்; அதற்குப் பிறகு பேரம் பேசுவதிலேயே அர்த்தமில்லை. காற்றுத் துளை வழியாகப் பார்த்தால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் உரசும் இடத்தில் சின்னச் சின்ன நீலப் பொறிகள் தெரியும். அது இயல்பு. பெரிய மஞ்சள் பொறிகள் வளையம் போலச் சுற்றி வந்தால் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது அது உரசும் செம்புப் பகுதியே கெட்டிருக்கலாம். பிரஷ் மட்டும் என்றால் மலிவாக மாற்றிவிடலாம். செம்புப் பகுதி என்றால் செலவு பெரிது.

அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஜாரைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஜாரின் அடியில் பிளேடு தண்டைச் சுற்றிக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்து கசிகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அந்தக் கறுப்பு நாம் அரைப்பதிலும் கலக்கும். ஜாரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு காகிதத்தின் மேல் பத்து நிமிடம் வைத்தேன். நான் வாங்கிய மிக்ஸியின் பெரிய ஜார் காகிதத்தை நனைக்கவில்லை; சின்ன ஜார் நனைத்தது. சின்ன ஜாருக்குப் புது புஷ் போட வேண்டும் என்று சொல்லி, அதற்கான தொகையைக் கழித்தே விலை பேசினோம். அடியில் ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பற்கள் மழுங்கியிருந்தன. அது பெரிய குறையே இல்லை. மோட்டார் திணறும்போது முதலில் உடையட்டும் என்றுதான் அதை மெத்தென்று செய்கிறார்கள். இதுபோக, அடித்தட்டில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஹெர்ட்ஸ் அளவு நம் வீட்டு மின்சாரத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வேறு நாட்டிலிருந்து வந்த சாமான் கைமாறிக் கைமாறி விற்பனைக்கு வருவது சகஜம்.

குக்கர் விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ என்ற அளவில் அழுத்தம் ஏறும்போது தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கிறது. 22 செ.மீ. அகல மூடியை அந்த அழுத்தம் கிட்டத்தட்ட 380 கிலோவுக்குச் சமமான விசையோடு மேலே தள்ளுகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு, விளிம்பில் நசுங்கல் உள்ள எந்தக் குக்கரையும் கையில்கூட எடுக்கவில்லை. அடிப்பாகத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்திப் பார்த்தால் வெளியே புடைத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். புடைத்திருந்தால் தண்ணீர் வற்றிக் காய்ந்துபோன குக்கர் என்று சந்தேகப்படலாம். ஆவி வரும் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பாகத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வுக்குள், பெரும்பாலான குக்கர்களில், சீக்கிரம் உருகக்கூடிய உலோகத் துண்டு ஒன்று இருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினால் அது உருகி ஆவியை வெளியேற்றும். நான் பார்த்த ஒரு குக்கரில் அந்த இடத்தில் சாதாரணத் திருகாணியை முடுக்கி அடைத்திருந்தார்கள்! வெளியிலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாது. மூடியைத் திருப்பி உள்பக்கம் பார்த்ததால்தான் தெரிந்தது. விற்றவருக்கே அது தெரியாது, யாரோ பழுது பார்த்தவர் செய்த வேலை. இதைப் பயன்படுத்தவே வேண்டாம், யாருக்கும் விற்கவும் வேண்டாம் என்று எடுத்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

கடைசியில் வாங்கியதில் கேஸ்கெட் இறுகி விறைத்திருந்தது. அதை எதிர்பார்த்தேதான் போயிருந்தேன். பழைய குக்கர் வாங்கினால் கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் எந்த நிலையில் இருந்தாலும் இரண்டையும் புதிதாக மாற்றிவிட வேண்டும், அதே நிறுவனத்தின் அதே அளவில். மாற்றிய பின் வெறும் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஆவி குழாய் வழியாக மட்டும் வந்து, வெயிட் சரியாகத் தூக்கியது. புது கேஸ்கெட் போட்டும் விளிம்பில் சீறினால் மூடியில்தான் கோளாறு.

நான்ஸ்டிக் எதையும் பழையதாக வாங்கவில்லை. அதில் இருக்கும் பி.டி.எஃப்.இ. என்ற ஒட்டாத பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும். முன்பு வைத்திருந்தவர் காலிப் பாத்திரத்தை எவ்வளவு நேரம் காயவிட்டார் என்று யாருக்குத் தெரியும்? தேயும் பாகமே பூச்சு என்னும்போது மாற்றவும் வழியில்லை. பழைய மைக்ரோவேவையும் ஒதுக்கினேன், ஆனால் காரணம் வேறு. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிருக்கே ஆபத்தான மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். நாமே திறந்து பார்க்கும் பொருள் அல்ல அது.

வார்ப்பிரும்பு இதற்கு நேர்மாறு. துருப்பிடித்த வாணலி ஒன்று பழைய இரும்பு விலைக்கே கிடைத்தது. விரல் முட்டியால் தட்டினால் மணி போலக் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். துருவைத் தேய்த்து எடுத்து, நன்றாக உலர்த்தி, துடைத்தெடுத்தது போல மெல்லிசாக எண்ணெய் பூசிச் சூடேற்றி, மறுபடி மறுபடி இப்படிச் செய்ததில் கறுத்து வழவழப்பாகிவிட்டது. ஈயம் உருக்கப் பயன்படுத்திய பாத்திரமாக இருந்துவிடக் கூடாது என்பதால், எதற்கு வைத்திருந்தீர்கள் என்று கேட்டே வாங்கினேன். சரியான பதில் வராத இடத்தில் வாங்கக் கூடாது.

தராசைச் சோதிப்பது சுலபம். அளந்த ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கிலோ. தட்டின் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தால் ஒரே எடை காட்ட வேண்டும்.

டீப் ஃப்ரீசருக்கு மட்டும் பொறுமை தேவைப்பட்டது. நாம் போகும்போது அது ஏற்கெனவே குளிர்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. முந்தின நாளே அணைத்து வைக்கச் சொல்லி, நான் போன பிறகு போடச் சொன்னேன். கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தேன். எல்லாப் பக்கமும் இறுக்கமாகப் பிடித்தது. வண்டியில் நிமிர்த்தியே கொண்டுவந்து, கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்கட்டும் என்று ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள்தான் இணைப்புக் கொடுத்தேன். உள்ளே வைத்த தெர்மாமீட்டர் மைனஸ் 18-க்கு வந்து நின்றது. கம்ப்ரஸரும் இடையிடையே நின்று ஓய்ந்தது. ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தால் அது கவலைப்பட வேண்டிய விஷயம்.

இப்போது ஓவன் ஒன்று தேடுகிறேன். பழைய ஓவனில் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அதற்காகத் தனியாக ஓவன் தெர்மாமீட்டர் வாங்கிப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். 180-இல் வைத்து அரை மணி நேரம் காத்திருக்கச் சம்மதிக்கும் ஆளிடம்தான் வாங்குவேன்.