பீலியடியில் கழுவும் டாங்கி

தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோருக்கும் தேயிலை மலைதான் கண்ணில் நிற்கும். எத்தனை ஏக்கர், எத்தனை டாங்கி, காற்று எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். முதுகில் சுமந்து அடிக்கும் அந்த டாங்கியை எங்கே நிரப்பினார்கள், எங்கே கழுவினார்கள் என்று கேட்பவர் குறைவு. ஓடைக்குப் போகும் மருந்தில் பெரிய பங்கு அங்கிருந்துதான் போகிறது. பல தோட்டங்களில் அந்த இடம் பீலியடி, அதாவது மலைத்தண்ணீர் வந்து விழும் குழாயடி. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் குடிதண்ணீரும் அதே பீலியில்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 வீதம் மருந்துள்ள போத்தலிலிருந்து 1 மில்லிலீட்டர் சிந்தினால் அதில் அரை கிராம் மருந்து. குடிதண்ணீரில் ஒரு மருந்துக்கு ஐரோப்பாவில் வைத்திருக்கும் எல்லை லீட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். அந்த அரை கிராமை அவ்வளவுக்கு நீர்க்க வைக்க 50 இலட்சம் லீட்டர் தண்ணீர் வேண்டும். மூடியின் உள்விளிம்பில் ஒட்டிக்கொண்டிருப்பதே ஒரு மில்லிலீட்டர் தேறும். மண்ணில் விழுந்தால் மண் பிடித்துவைக்கும், கிருமிகள் மெல்ல அரிக்கும். சீமெந்துத் தரையில் விழுந்தால் அடுத்த மழையோடு நேரே வடிகானுக்குப் போய்விடும்.

நிரப்பும்போது ஹோஸ் முனை டாங்கித் தண்ணீருக்குள் மூழ்கவே கூடாது. மேலே தண்ணீர் வருவது நின்றுபோனால் டாங்கியில் உள்ளதைக் குழாய் பின்னோக்கி இழுத்துக்கொள்ளும். ஒரு சாண் இடைவெளி போதும்.

கழுவுவதில் எல்லோரும் செய்யும் தப்பு, ஒரே தடவையில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்ப்பது. 16 லீட்டர் டாங்கியின் அடியில் கால் லீட்டர் மிஞ்சியிருக்கிறது என்று வையுங்கள். ஒரேயடியாக 6 லீட்டர் ஊற்றினால் மருந்து 25இல் ஒரு பங்காகும். அதே 6 லீட்டரை இரண்டிரண்டாக மூன்று முறை ஊற்றிக் குலுக்கி, ஒவ்வொரு முறையும் அடித்துத் தீர்த்தால் 729இல் ஒரு பங்கு. தண்ணீர் அதேதான், வித்தியாசம் முப்பது மடங்கு. கழுவிய தண்ணீரை அடித்த நிரையிலேயே அடித்துவிட வேண்டும். அதற்காகக் கடைசி டாங்கியைக் கொஞ்சம் குறைத்துக் கலக்குவது நல்லது.

சிந்துவதையும் மிஞ்சும் கழுவலையும் பிடித்துச் சிதைக்க, நிரப்பும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் குழி வெட்டலாம். சுவீடனில் 1990களின் தொடக்கத்தில் வந்த முறை. ஆழம் இரண்டடி. நறுக்கிய வைக்கோல் இரண்டு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய தாவரம்) ஒரு பங்கு. நம் பக்கத்தில் பீட்டுக்குப் பதில் தென்னந் தும்புத் தூள். கலவையை நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்துப் பக்குவப்படுத்திவிட்டுக் குழியில் போட்டு, மேலே புல் நட வேண்டும். மருந்தைச் சிதைப்பது வைக்கோலில் பிடிக்கும் வெள்ளைப் பூஞ்சணம்.

மலையகத்தில் இந்தக் குழியைக் கெடுப்பது பெரும்பாலும் மழைதான். கூரை போடாவிட்டால் தென்மேல் பருவத்தில் தண்ணீர் கட்டி, புளித்து, பூஞ்சணம் செத்துப்போகும். மேல்மண்ணில் களி அதிகமென்றாலும் இதே கதைதான். வைக்கோல் மக்கி இறங்கும், வருடா வருடம் நிரப்ப வேண்டும். நுவரெலியாக் குளிரில் சிதைவும் மெதுவாகத்தான் நடக்கும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்தை எந்தப் பூஞ்சணமும் சிதைக்காது. செம்பு ஒரு தனிமம், குழியில் சேர்ந்துகொண்டே போகும். அந்த டாங்கியின் கழுவல் குழிக்கு வரவே கூடாது.

டவுன் கதை வேறு. கறையானுக்கு அத்திவாரத்தில் ஊற்றுவது, நுளம்புக்குப் புகை, ஹோட்டல் புல்தரைக்கு அடிப்பது எல்லாம் தாரிலும் சீமெந்திலும் தங்கி, முதல் மழையில் கானுக்கு வருகின்றன. கானில் சேற்றுக் குழி வெட்டினால் போதும் என்று நினைப்பது பாதிதான் சரி. பைஃபென்த்ரின், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்துகள் தண்ணீரில் கரைய மாட்டா, சேற்றில் ஒட்டிக்கொள்ளும். அதிலும் அவை ஒட்டுவது நுண்ணிய களியில். சிறு குழியில் மணல் தங்கும், களி தாண்டிப் போகும். களியைப் பிடிக்க, கானிலிருந்து தண்ணீர் பரந்து மெதுவாக ஓடும்படி வெட்டிவேரோ புல்லோ நட வேண்டும். இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிமருந்து அப்படியல்ல. லீட்டருக்கு அரை கிராமுக்கு மேல் கரையும், சேற்றுக் குழியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதற்கு அளவாகப் பாவிப்பதைத் தவிர வழியில்லை.

நானு ஓயாவில் கலந்தது கொத்மலை வழியே மகாவலிக்குப் போய்த் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவில் சேரும். சேற்றில் ஒட்டியது பெரும்பகுதி நீர்த்தேக்கங்களில் படியும், கரைந்தது கீழே போகும். மஸ்கெலியாப் பக்கத்துத் தண்ணீர் களனி கங்கையாகக் கொழும்பில் மட்டக்குளியருகே கடலைத் தொடும். பைஃபென்த்ரின் வகை இறால் இனத்தைக் கொல்ல லீட்டருக்குச் சில நனோகிராம் போதும்.

தண்ணீர் சோதனையிலும் இதையெல்லாம் மனதில் வைக்க வேண்டும். வெயில் நாளில் பிளாஸ்டிக் போத்தலில் எடுத்துவந்து ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதிய அறிக்கைக்கு மதிப்பில்லை. ஒட்டும் மருந்து போத்தலின் சுவரிலேயே தங்கிவிடும். மழை தொடங்கி முதல் அரை மணிக்குள், பழுப்புக் கண்ணாடிப் போத்தலில், கலங்கலோடு எடுத்து, 4 பாகையில் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்ப வேண்டும். சேற்றுக் குழியில் வாரிய சேற்றையும் ஒரு போத்தல் சேர்த்து அனுப்பலாம். மிச்சச் சேற்றைக் கான் வரம்பிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு அது மறுபடி உள்ளே.