ஆறு விநாடி ஊத வேண்டும்

மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்க நின்று, யாராவது பார்த்தால் செல்போனில் ஏதோ படிப்பதுபோல நடிக்க ஆரம்பித்தபோதுதான் எனக்கே உறைத்தது. 25 வருஷம் சிகரெட் பிடித்தவன். காலை இருமலும் சளியும் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று விட்டுவிட்டிருந்தேன்.

எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பாடா என்று கிளம்பப் பார்த்தேன், டாக்டர் விடவில்லை. தான் சந்தேகப்படும் நுரையீரல் நோய் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம், ஊதித்தான் பார்க்க வேண்டும் என்று ஸ்பைரோமெட்ரிக்கு எழுதிக் கொடுத்தார்.

மூக்கில் கிளிப், வாயில் குழாய். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். உள்ளே ஒன்றுமே மிச்சமில்லை என்று தோன்றிய பிறகும் நிறுத்தக் கூடாது; குறைந்தது ஆறு விநாடி. டெக்னீஷியன் அம்மா பக்கத்திலேயே நின்று, ‘ஊதுங்க, ஊதுங்க, இன்னும் இருக்கு’ என்று கத்திக்கொண்டிருந்தார். மூன்று தடவை ஒழுங்காக வர வேண்டும். எனக்கு ஐந்து தடவை ஆனது. பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுத்து, 15 நிமிஷம் உட்கார வைத்து, மறுபடியும் முதலிலிருந்து.

மொத்தம் 3.2 லிட்டர் ஊதியிருந்தேன். அதில் முதல் விநாடியில் வந்தது 1.8. மருந்துக்குப் பிறகு 1.9. அதாவது மொத்தத்தில் 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மருந்துக்குப் பிறகும் இது 70-க்குக் கீழே இருந்தால் குழாயில் அடைப்பு நிலையாகிவிட்டது என்று அர்த்தமாம். ஆஸ்துமாவாக இருந்தால் பெரும்பாலும் மருந்துக்கு அளவு நன்றாக ஏறும். எனக்கு ஏறவில்லை. சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்.

இத்தனை நாளும் மூச்சை இழுக்க முடியவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். உண்மையில் எனக்கு விடத்தான் முடியவில்லை. சின்னக் குழாய்கள் வீங்கி, சளி சேர்ந்து சுருங்கியிருக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் இழுத்துப் பிடித்துத் திறந்து வைத்திருக்கும் காற்றறைச் சுவர்களும் புகையில் சிதைந்திருக்கின்றன. மூச்சு விடும்போது குழாய் மடங்கிக்கொள்ள, பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது. ஏற்கெனவே நிறைந்த பையில் புதுக் காற்றுக்கு ஏது இடம்?

சிகரெட்டை விட்டது தனிக் கதை. இரண்டு முறை தோற்று, நிக்கோட்டின் சூயிங்கம் உதவியோடு மூன்றாவது முறை நின்றது. போன நுரையீரல் திரும்பாது, இனி தேய்வது மெதுவாகும், அவ்வளவுதான் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

இன்ஹேலரில்தான் முட்டாளானேன். தினமும் ஒரு வேளை பவுடர் இன்ஹேலர். திணறும்போது மட்டும் அழுத்தி எடுக்கும் ஸ்பிரே. பவுடரை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், ஸ்பிரேயை மெதுவாக. நான் இரண்டு மாதம் தலைகீழாகச் செய்து, மருந்தைத் தொண்டைக்குக் கொடுத்துவிட்டு ‘வேலையே செய்யல சார்’ என்று போய் நின்றேன். எங்கே, எடுத்துக் காட்டுங்கள் என்றார் டாக்டர். காட்டினேன். சிரித்துவிட்டு, ஸ்பிரேக்கு ஒரு ஸ்பேசர் கொடுத்தார்; மருந்தைப் பிடித்து வைத்து நிதானமாக இழுக்க உதவும் குழாய் அது. இழுத்த பிறகு பத்து விநாடி மூச்சை அடக்கச் சொன்னார். மருந்தை மாற்றவே இல்லை. ஆஸ்துமா உள்ள அண்ணன் மகனுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர்தான் முக்கியம்; எடுத்ததும் வாய் கொப்பளிப்பான், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வந்துவிடும். எனக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை என்றார்கள். ஒருவர் இன்ஹேலரை இன்னொருவர் கடன் வாங்காமல் இருப்பது நல்லது.

பிசியோதெரபியில் கற்றுத் தந்த உதடு குவித்து ஊதும் வித்தையைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். மூக்கால் இழுத்து, விசிலடிப்பதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரண்டு மடங்கு நேரம் விட வேண்டும். உதட்டில் தடை இருப்பதால் உள்ளே குழாய் சட்டென்று மடங்காது.

ஒரு வருஷம் கழித்து மறுபடி ஊதினேன். மருந்துக்குப் பிறகு முதல் விநாடியில் 1.88 லிட்டர். ஏறவில்லையே என்று எனக்கு ஏமாற்றம். பெரிதாக இறங்கவில்லையே என்று டாக்டருக்கோ ஒரே சந்தோஷம். மாடிப்படியில் இப்போதும் பாதியில் நிற்கிறேன். செல்போனை எடுப்பதில்லை, உதட்டைக் குவித்து ஊதுகிறேன்.