குட்டியிலிருந்து கிழம்வரை: பூனைக் குறிப்பேடு

5 ஜனவரி 2026, திங்கள்

குட்டியிலிருந்தே தொடங்கலாம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம்வரை பூனையின் மனக்கதவு அகலத் திறந்திருக்கும். அந்த நாட்களில் தொட்ட கை, கேட்ட குரல், மிக்சி சத்தம், சின்னப் பிள்ளையின் ஓட்டம் எல்லாம் "இது சாதாரணம்" என்று பதிந்துவிடும். அதற்குப் பிறகும் பழக்கலாம், ஆனால் நாட்களில் முடிகிற வேலைக்கு மாதங்கள் ஆகும்.

நாளுக்கு அரை மணி முதல் 40 நிமிடம் போதும். ஒரே மூச்சில் வேண்டாம், ஐந்தைந்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவரே தூக்கினால் குட்டி அந்த ஒருவரைத்தான் நம்பும், அதனால் ஆணும் பெண்ணுமாக நான்கு பேராவது கையாள வேண்டும். தூங்கும் குட்டியை எழுப்பித் தூக்கக்கூடாது.

பால் மறந்ததும் தாயிடமிருந்து பிரிப்பது பரவலான தவறு. 12 வாரம்வரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கட்டும். கடித்தால் எதிராளி கத்தும், ஆட்டம் நின்றுபோகும் என்கிற பாடத்தைக் கூடப்பிறந்தவைதான் சொல்லிக்கொடுக்கும். அது தவறிய குட்டி பெரிதான பிறகு மனிதர் கையை அழுத்திக் கடிக்கும். "முரட்டுக் குணம்" என்று பேர் வாங்கும்.

7 ஜனவரி

ஏழெட்டு வாரத்தில் பொருட்களோடு விளையாட்டு தொடங்கும். 9 முதல் 14 வாரம்வரை குட்டிகளுக்குள் கட்டிப் புரளுதல் உச்சத்தில் இருக்கும். பிறகு அது குறைந்து, வேட்டைப் பழக்கம் மேலே வரும்.

விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள். 600 கிராம் குட்டி கடித்தால் சிரிப்பு வரும், 5 கிலோ பூனை கடித்தால் ரத்தம் வரும். கோலில் கட்டிய கயிறு, அதன் நுனியில் இறகு, அவ்வளவுதான். பூனையை நோக்கிக் கொண்டுவராமல் விலக்கி இழுங்கள். எந்த இரையும் தானே வந்து வாயில் விழுவதில்லை. பத்து நிமிட ஆட்டத்தின் கடைசியில் பிடிக்க விடுங்கள், உடனே சாப்பாடு வையுங்கள். துரத்தல், பிடித்தல், தின்னல், நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம்: இதுதான் வரிசை. லேசர் ஒளியில் பிடித்தல் என்பதே இல்லாததால், சில பூனைகள் ஆட்டம் முடிந்தும் சுவரைப் பார்த்தபடியே தவிக்கும். முடிந்ததும் கயிற்றை எடுத்து உள்ளே வையுங்கள். விழுங்கினால் குடல் சுருண்டுவிடும்.

12 ஜனவரி

"பூனைக்கு வயிற்று வலி போல, தரையில் உருண்டு கத்துகிறது." ஐந்து மாதப் பெட்டைக்கு இது வலி அல்ல, பருவம். சில பெட்டைகள் நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒதுக்கி, பின்கால்களால் மிதிப்பதைப் பார்த்தால் சந்தேகம் தீரும். கருத்தடையை ஐந்து மாதத்துக்குள் முடிப்பது நல்லது.

கடுவன் இதே வயதில் சுவரில் சிறுநீர் பீய்ச்சத் தொடங்கும். நின்றபடி, வால் நடுங்க, செங்குத்தான பரப்பில் கொஞ்சமாக அடித்தால் அது எல்லை குறித்தல். குந்தி, தரையில், நிறையப் போனால் அது சிறுநீர்ப் பிரச்சினையோ மணல் பெட்டிப் பிரச்சினையோதான். மருந்து வேறு என்பதால் இந்த வித்தியாசத்தை முதலில் பாருங்கள். கருத்தடைக்குப் பிறகும் கடுவன்களில் சுமார் 10 சதவீதமும் பெட்டைகளில் சுமார் 5 சதவீதமும் பீய்ச்சும்.

அறுவைக்குப் பின் உடலுக்குத் தேவையான சக்தி ஏறக்குறைய கால்பங்கு குறையும், பசியோ கூடும். தட்டில் அளவைக் குறைக்க மறந்தால், "கருத்தடை செய்தபின் சோம்பேறியாகிவிட்டது" என்ற புகார் ஆறு மாதத்தில் வரும். சோம்பல் அறுவையால் வந்ததல்ல, கூடிய எடையால் வந்தது.

15 ஜனவரி

ஒன்றாகச் சுருண்டு தூங்கிய இரண்டு பூனைகள் திடீரென ஒன்றையொன்று முறைக்கின்றன என்றால், முதலில் வயதைக் கேட்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பூனைக்கு மன முதிர்ச்சி வருகிறது. உடம்பு ஒரு வயதிலேயே வளர்ந்துவிடும், இது அதற்குப் பின்னால் வரும். குட்டியாக இருந்தபோது பகிர்ந்த இடத்தைப் பெரிதானதும் பங்குபோட விரும்பாது.

சண்டை என்றால் சீறலும் ரோமம் பறப்பதும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே இருக்காது. ஒன்று வாசற்படியில் படுத்துக்கொள்ளும், மற்றது மணல் பெட்டிக்குப் போக முடியாமல் சோபாவில் சிறுநீர் போய்விடும். அடி வாங்குவது சோபாவில் போனது. பாவம்.

மணல் பெட்டிகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கட்டும். மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றுதான். வேறு வேறு அறைகளில் வைக்க வேண்டும். தண்ணீரும் சாப்பாடும் அப்படியே, ஒன்றையொன்று பார்க்க முடியாத இடங்களில்.

19 ஜனவரி

மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையே எழுத அதிகமில்லை. பூனை தன் வழக்கத்தில் ஊறிப்போன காலம். இப்போது எது இயல்பு என்று குறித்து வைத்தால் பின்னால் உதவும்: எடை, எவ்வளவு உயரம் தாவுகிறது, எங்கே தூங்குகிறது, வாசலுக்கு வருகிறதா. மெதுவாகக் கண்ணை மூடித் திறந்து பாருங்கள், பதிலுக்குச் சிமிட்டும். 2020இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு இதைச் சோதித்தே காட்டியது.

26 ஜனவரி

எட்டு, பத்து வயதில் வரும் வாக்கியம்: "இப்போதெல்லாம் ரொம்ப அடக்கமாகிவிட்டது, வயசாயிடுச்சில்ல?"

பாதி நேரம் அது அடக்கம் இல்லை, மூட்டு வலி. 12 வயதைத் தாண்டிய பூனைகளின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்தபோது 90 சதவீதத்தில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. ஆனாலும் நொண்டும் பூனையை அதிகம் பார்ப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்தால் எந்தக் காலை நொண்டுவது?

பார்க்க வேண்டியவை வேறு. தாவுமுன் நின்று யோசிக்கும். ஒரே தாவலில் ஏறிய அலமாரிக்கு நாற்காலி வழியாகப் போகும். இறங்கும்போது முன்கால்களை நீட்டி வழுக்கும். முதுகின் பின்பாதியில் ரோமம் சடை பிடிக்கும், ஏனென்றால் அங்கே திரும்பி நக்க முடியவில்லை. கம்பத்தைப் பிராண்டுவது குறையும். நகம் தடித்து, உள்ளே இழுபடாமல், நடக்கும்போது தரையில் டக் டக் என்று கேட்கும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்து வெட்டாவிட்டால் வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தும். இடுப்பைத் தடவினால் திரும்பிக் கடிக்கும். "கோபக்காரக் கிழவி" என்ற பட்டம் கிடைக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது: படுக்கும் இடத்துக்கு 15 செ.மீ. உயரப் படிகள், வழுக்காத துணி ஒட்டி. மணல் பெட்டியின் ஒரு பக்கத்தை 7 செ.மீ. உயரம் மட்டும் மிஞ்சும்படி வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். பெட்டியின் நீளம் பூனையைப் போல ஒன்றரை மடங்கு. மருத்துவரிடம் போகுமுன் வீட்டில் தாவுவதையும் படி இறங்குவதையும் வீடியோ எடுங்கள், மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் வலியைக் காட்டாது. நமக்குப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், கால் மாத்திரைகூடக் கூடாது.

29 ஜனவரி

வலியை முகத்தில் படிக்க மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது பக்கவாட்டில் திரும்புதல், கண் இடுங்குதல், மூக்கு வாய்ப் பகுதி இறுகுதல், மீசை விறைத்தல், தலை தோளுக்குக் கீழே தாழ்தல். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் 10. 4 வந்தாலே வலிக்கு மருந்து தேவைப்படலாம். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் மதிப்பெண் போடக்கூடாது. குர்குர் சத்தத்தை நம்ப வேண்டாம், வலியிலும் குர்குர் என்னும்.

2 பிப்ரவரி, திங்கள்

இதற்கு நேரெதிரும் உண்டு. 13 வயதுப் பூனை திடீரெனக் குட்டி போல ஓடுகிறது, தட்டைத் துடைத்துத் தின்கிறது, கத்துகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எடை இறங்குகிறதென்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயிலும் நன்றாகத் தின்றபடியே மெலியும்.

எடை: மாதம் ஒருமுறை, அதே நேரம், சாப்பாட்டுக்கு முன். பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நம் எடையைக் கழிக்கும் முறையில் 100, 200 கிராம் பிசகும். குழந்தைகளை நிறுக்கும் தராசு நல்லது. 4.5 கிலோ 4.1 ஆனால் "400 கிராம்தானே" என்று தோன்றும். 60 கிலோ மனிதர் ஐந்து கிலோவுக்கு மேல் இளைத்ததற்குச் சமம் அது.

தண்ணீர்: காலையில் 500 மி.லி. அளந்து ஊற்றி, 24 மணி நேரம் கழித்து மிச்சத்தை அளக்கவும். பூனை எட்டாத இடத்தில் அதே மாதிரிக் கிண்ணம் ஒன்றை வைத்து, ஆவியானதைக் கழிக்கவும். மூன்று நாள் சராசரி எடுங்கள். கிலோவுக்கு 50 மி.லி. தாண்டினால், அதாவது 4 கிலோ பூனை நாளுக்கு 200 மி.லி.க்கு மேல் குடித்தால், சிறுநீரகத்தையும் சர்க்கரையையும் சோதிக்க வேண்டும். ஈர உணவு தின்னும் பூனைக்கு இதற்கு வெகு குறைவாகவே தேவைப்படும்.

7 பிப்ரவரி

இரவு இரண்டு மணிக்கு நடுக்கூடத்தில் நின்று நீட்டி முழக்கும் கத்தல். வயதான பூனை வளர்ப்பவர்களின் பெரிய தலைவலி.

எடுத்த எடுப்பில் "மூளை தளர்ந்துவிட்டது" என்று முடிவு கட்டக்கூடாது. ரத்த அழுத்தம், தைராய்டு, மூட்டு வலி, பல் வலி, காது மந்தம் ஆகியவற்றை வரிசையாக விலக்கிய பிறகே அந்த முடிவு. காது மந்தமானால் தன் குரலே தனக்குக் கேட்காமல் உரக்கக் கத்தும். ரத்த அழுத்தம் ஏறினால் விழித்திரை பிரிந்து ஒரே நாளில் பார்வை போகலாம். விளக்கொளியிலும் கருவிழிப் பாவை விரிந்தே நின்றால் அன்றே கொண்டுபோங்கள்.

மறதி நோயின் அறிகுறிகள்: பழகிய அறையில் வழி தெரியாமல் நிற்றல், மூலையைப் பார்த்தபடி இருத்தல், இரவு பகல் மாறுதல், மணல் பெட்டி மறத்தல், சாப்பிட்டதை மறந்து மறுபடி கேட்டல். 11 முதல் 14 வயதில் சுமார் 28 சதவீதப் பூனைகளிலும், 15க்கு மேல் பாதிக்கும் அதிகமானவற்றிலும் இத்தகைய மாற்றம் ஒன்றாவது தெரிகிறது.

இரவில் சிறு விளக்கு எரியட்டும். மேசை நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். மாலையில் ஐந்து நிமிடம் மெதுவான விளையாட்டு, படுக்கைக்குப் போகும் நேரத்தில் கொஞ்சம் ஈர உணவு. கத்தினால் திட்டாதீர்கள், அது பயந்த குரல், அடம் இல்லை. இருட்டில் பெயர் சொல்லி அழைத்தாலே பல பூனைகள் அடங்கிவிடும்.

11 பிப்ரவரி

ஒதுங்கியே இருந்த பூனை 14 வயதில் மடியை விட்டு இறங்க மறுப்பதும், மடியிலேயே கிடந்தது கட்டிலடியில் ஒளிவதும் நடக்கும். முதலாவதில் பாதி பாசம், பாதி குளிர்: 30 டிகிரிக்கு மேல்தான் பூனையுடம்புக்குச் சுகம், மெலிந்த கிழத்துக்குக் கேட்கவே வேண்டாம். இரண்டாவதுக்கு நேரே மருத்துவர்.

"துணைக்கு ஒரு குட்டி வாங்கிவிடலாமா?" வேண்டாம். மூட்டு வலியோடு இருப்பதன்மேல் தாவிக் குதிக்கும் ஒன்றைக் கொண்டுவருவது துணை ஆகாது. ஏற்கனவே வந்துவிட்டதென்றால், குட்டிக்குத் தனி அறை. முதல் வாரம் துணிகளை மாற்றி மாற்றிப் போட்டு வாசனை மட்டும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. கிழம் சீறாமல் தின்னும் தூரத்திலிருந்து நாளுக்கு ஒரு சாண் நெருக்குங்கள். தட்டை விட்டு விலகினால் முந்தைய நாள் தூரத்துக்குத் திரும்புங்கள். பார்க்க விடுமுன் குட்டியைக் கயிற்றுக் கோலோடு ஓடவிட்டுக் களைக்க வையுங்கள்.