தலைப்பைத் தேடும் மேக்ரோ

"சார், பட்டனை அழுத்தினா பேர் வரிசையில வரல, போன் நம்பர் வரிசையில வருது!"

எக்செல் ஷீட்டின் நடுவே யாரோ போன் நம்பருக்காகப் புதிதாக ஒரு நெடுவரிசையை நுழைத்திருக்கிறார்கள். பெயர் சி-யிலிருந்து டி-க்கு நகர்ந்துவிட்டது. பட்டனுக்குப் பின்னால் இருக்கும் மேக்ரோவுக்கு, அதாவது செய்த வேலையை ரெக்கார்டு செய்து திரும்ப ஓட்டும் நிரலுக்கு, தெரிந்தது சி என்ற முகவரி மட்டும்தான்.

இப்போது முதல் வரியில் 'பெயர்' என்ற தலைப்பை, ஒரு சொல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் மேட்ச் (MATCH) ஃபங்ஷன் கொண்டு தேடி, அது கிடைத்த இடத்தை வைத்து மொத்த அட்டவணையையும் அடுக்கச் சொல்லியாயிற்று.

நம் அலுவலகங்களும் இப்படித்தான். மூன்றாவது பீரோ, இரண்டாவது தட்டு என்று இடத்தை நம்பியே பாதி வேலை ஓடுகிறது. பீரோவை நகர்த்தினால் போச்சு.

தலைப்புக்குப் பின்னால் யாராவது ஒரு ஸ்பேஸ் தட்டினாலும் மேட்ச் கைவிரித்துவிடும். அதற்கு, ஓரத்து ஸ்பேஸை வெட்டும் ட்ரிம் (TRIM) போட்டாயிற்று. அடுத்து 'பெயர்' என்பதை 'வாடிக்கையாளர்' என்று மாற்றுவார்கள், பார்ப்போம்.