பார்க்காமல் எடுத்த சாவி

பேச்சு நிற்கவில்லை, பார்வை எதிரில் இருப்பவர் மேல். கை மட்டும் பைக்குள் போய் சாவியை எடுத்து வந்துவிடுகிறது. பக்கத்திலேயே நாணயம், பேனா மூடி. விரல் தடுமாறவே இல்லை.

ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து, இரு முனைகளுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர் விடுங்கள். கண்ணை மூடச் சொல்லி, ஒருவரின் சுட்டுவிரல் நுனியில் மெல்ல வையுங்கள். "ரெண்டு" என்பார்.

அதையே முதுகில் வைத்தால் "ஒண்ணு"தான். அங்கே 4 சென்டிமீட்டர் அளவுக்கு அகட்ட வேண்டியிருக்கும்.

இரு முனையும் ஒரே நேரத்தில் படவேண்டும். முன்பின் பட்டால் அந்த நேர வித்தியாசத்தை வைத்தே மூளை கண்டுபிடித்துவிடும், சோதனை வீண்.

விரல் நுனித் தோலில் தொடு உணர்விகள் நெருக்கம் என்பது பாதிக் காரணம். மீதி மூளையின் புறணியில், அதாவது அதன் வெளி அடுக்கில். ஹெட்ஃபோன் பட்டை போல உச்சந்தலைக்குக் கீழே இருபுறமும் இறங்கும் மடிப்பில் உடம்பின் வரைபடமே இருக்கிறது. மூளை அறுவை மருத்துவர்கள் பென்ஃபீல்டும் போல்ட்ரியும் நோயாளிகளின் மூளையை மின்முனையால் தொட்டுத் தொட்டு அதைக் குறித்து 1937இல் வெளியிட்டார்கள். விரலுக்கும் உதட்டுக்கும் தாராளமான இடம். அத்தனை அகன்ற முதுகுக்குச் சின்னத் துண்டு.

பக்கவாதத்தில் இந்தப் பகுதியும் அதை ஒட்டிய பகுதியும் பழுதானால், சிலருக்கு உள்ளங்கையில் ஏதோ இருப்பது தெரியும், அதன் குளிர்ச்சியும் தெரியும். சாவி என்று மட்டும் தெரியாது.

கண்ணைத் திறந்ததும் சொல்லிவிடுவார்கள்.