லவோதிக்கேயாவில் ஒரு வாய்த் தண்ணீர்

'வெதுவெதுப்பு' பிரசங்கம் கேட்காமல் வளர்ந்த சபைப் பிள்ளை யாரும் இருக்க முடியாது. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில், குளிருமில்லாமல் அனலுமில்லாமல் வெதுவெதுப்பாக இருப்பதால் உன்னை வாயிலிருந்து வாந்திபண்ணிப்போடுவேன் என்று லவோதிக்கேயா ஊர்ச் சபைக்கு ஆண்டவர் சொல்லும் வசனம்தான் அதற்கு ஆதாரம். அனல் என்றால் நல்ல விசுவாசி, குளிர் என்றால் பின்வாங்கிப் போனவன், நடுவில் நிற்கிறவன் வெதுவெதுப்பு. எனக்கு அதில் எப்போதும் ஒரு சந்தேகம். "நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்" என்றுதானே வசனம்? குளிர்ந்து போனவனை ஆண்டவர் ஏன் நலம் என்கிறார்? ஓய்வுநாள் பள்ளியில் கேட்டேன். "உட்காரு" என்று பதில் வந்தது.

துருக்கியில் அந்தப் புத்தகம் பேசும் ஏழு சபைகள் இருந்த ஊர்களையும் பார்க்கப் போன குழுவில் நானும் இருந்தேன். எபேசுவில் கூட்டம் நெரிந்தது. தியத்தீராவில் கடைத்தெருவுக்கு நடுவே வேலி போட்ட ஒரு துண்டு நிலம்தான், பத்து நிமிடத்தில் பஸ் ஏறிவிட்டோம். ஏழாவது லவோதிக்கேயா, தெனிஸ்லி நகரத்துக்குப் பக்கத்தில். நிழலே இல்லாத மேடு. தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட வீதி, கல் பாவிய தரையில் வண்டித் தடம்.

பணக்கார ஊர். கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி இல்லாமலே தன்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டது என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று சொல்லிக்கொண்டதாக அதே வசனப் பகுதியில் வரும் சபை இங்கேதானே இருந்தது என்று போதகர் ஐயா சிரித்தார்.

ஆனால் என்னை நிறுத்தியது தண்ணீர்க் குழாய்தான். சதுரக் கல்லின் நடுவே துளை போட்டு, ஒன்றோடொன்று பொருத்திய குழாய். துளைக்குள் சுண்ணாம்பு வளையம் வளையமாகப் படிந்து பாதி வழி அடைத்திருந்தது. நம் வீட்டு வெந்நீர்ப் பானைக்குள் உப்பு பிடித்திருக்குமே, அதைப் போல, ஆனால் கை அகலத்துக்கு. அந்தப் பக்கம் எராப்போலியில் வெந்நீர் ஊற்று, இந்தப் பக்கம் கொலோசேயில் மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த நீர், இவர்களுக்கு வந்தது மட்டும் இரண்டும் கெட்டான் என்றார் வழிகாட்டி. எராப்போலி வெந்நீர்தான் வழியில் ஆறி இங்கே வந்து சேர்ந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை, இந்தக் குழாய் தெற்கேயுள்ள ஊற்றிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தால் என்ன, இவ்வளவு சுண்ணாம்பு கலந்த தண்ணீர் வாய்க்கு எப்படி இருந்திருக்கும்!

எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர், மூட்டுவலிக்காரர், பஸ்ஸில் வெயிலில் கிடந்த பாட்டிலைத் திறந்து ஒரு வாய் வைத்தார். அப்படியே துப்பினார். "சீ, வெதுவெதுன்னு!" எல்லோரும் அவரையே பார்த்தோம். அவருக்குத்தான் கொஞ்சம் நேரம் கழித்துப் புரிந்தது.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. குளிர் நீர் தாகம் தீர்க்கும், வெந்நீர் வலிக்கு இதம், இரண்டும் நல்லது. குளிர்ந்தவன் கெட்டவன் என்று வசனம் எங்கேயும் சொல்லவே இல்லை. இதுதான் ஒரே விளக்கம் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் நாற்பது வருடச் சந்தேகத்துக்கு இது போதும்.

கொலோசேயை அப்போது முறையாகத் தோண்டிப் பார்த்திருக்கவில்லையாம், வெறும் புல்மேடு. எங்கள் பஸ் அங்கே நிற்கவில்லை. எராப்போலிக்குத்தான் போனோம், இன்றைய பாமுக்கலே. துருக்கியர் வாயில் 'பருத்திக் கோட்டை'. வெந்நீரிலிருந்த சுண்ணாம்பு படிந்து படிந்து மலைச்சரிவே பஞ்சு அடுக்கியதுபோல் வெளுத்திருக்கிறது. இயேசுவின் சீடர் பிலிப்புவின் நினைவாலயத்துக்கு இன்னும் மேலே ஏற வேண்டும், பாதிப்பேர்தான் ஏறினோம்.

வெள்ளைப் பாறையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். அக்கா சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிற தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்தார். வழிகாட்டி இரண்டு முறை கூப்பிட்டார். "நீங்க போங்க தம்பி, நான் லவோதிக்கேயாவுக்கு வரலை" என்றார்.